ஒன்றரைக் கரண்டி ஈஸ்ட் பொடி

எங்கள் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் தட்டக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். தரைத்தளத்தில், மாடிப்படிக்கும் சாமான் ஏற்றும் லிஃப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத நீள அறை அவளுடையது. அங்கே பத்தொன்பது வருஷம் வட்டக் கண்ணாடித் தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டுகளில் கிருமிகளுக்குச் சாப்பாடு ஊற்றிக் கொடுத்தாள். செய்த வேலை இவ்வளவுதான். இதில் கதை எங்கே வந்தது என்று இப்போதே கேட்கிறவர்களுக்குப் பொறுமை போதாது.

நான் அந்தக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் போன இடமெல்லாம் போகிறவன். படித்தவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு: ஏணி மேல் நிற்கிறவனுக்குக் காது கிடையாது என்று உறுதியாக நம்புவார்கள். அதனால் யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய கட்டுரை திரும்பி வந்தது, யாருடைய கண்டுபிடிப்பு புஸ்ஸென்று போனது எல்லாம் எனக்கு அத்துப்படி. அக்கா விஷயத்தில் நடந்ததையும் முக்கால்வாசி ஏணி மேலிருந்துதான் பார்த்தேன். மீதிக் கால்வாசியை அவளே சொன்னாள்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். இறால் உரிக்கும் கம்பெனியில் பத்து வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, விரல் நகமெல்லாம் வெந்துபோனபோது, "கழுவுற வேலைதான், ரெண்டு மாசத்துக்கு" என்று யாரோ சொல்லி இங்கே வந்தாள். அந்த இரண்டு மாசம் முடியவே இல்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே தனியாக உட்கார்ந்தே பழகிவிட்டதாலோ என்னவோ, கீழே இறங்கினாலும் அதிகம் பேச மாட்டார். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் அக்கா ஒரு டம்ளரைக்கூடக் கழுவ மாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "நாள் பூரா இங்க கழுவுறேன், வீட்லயும் நான்தான் கழுவணுமா? அவரு கை என்ன கிரேன்லயே மாட்டிக்கிச்சா?" என்பாள். அவர்தான் கழுவுவார். அவர் கழுவியதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைப்பாள். திட்டியிருந்தால் அந்த மனிதர் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவள் கழுவுவதைப் பார்த்தால் அந்தத் திமிருக்குக் காரணம் புரியும். சோப்பு நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஏழு தண்ணீர். மூன்று குழாய்த் தண்ணீர், மூன்று வடிகட்டிய தண்ணீர், கடைசியில் ஒன்று காய்ச்சி வடித்த தண்ணீர். வாய்விட்டு எண்ணுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். பேச்சுக் கொடுத்தவனுக்கும் ஏழு திட்டு விழும். பிறகு தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அழுக்கு இருக்கிறது. பாய் விரித்த மாதிரி ஒரே சீராக வழிந்தால் சுத்தம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அடுத்தது மீடியா போடுவது. பத்திரிகைக்காரர்கள் இல்லை, கிருமி வளர்க்கிற சாப்பாட்டுக்கு அங்கே மீடியா என்று பெயர். மொத்தத்தில் அது ஒரு கஞ்சி. ஒரு லிட்டர் கடல்நீர், ஐந்து கிராம் பெப்டோன், மூன்று கிராம் ஈஸ்ட் பொடி, உறைவதற்குப் பதினைந்து கிராம் அகர். டாக்டர் தன் கையெழுத்தில் எழுதிய அளவுகள் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கின. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. அந்தப் பிரிவின் தலைவர். கலந்ததை ஆட்டோகிளேவ் என்கிற ராட்சத பிரஷர் குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில் தட்டுகளில் ஊற்றினால் ஜெல்லியாக இறுகும். அதன் மேல்தான் மாடியில் இருக்கிறவர்கள் கடலிலிருந்து கொண்டுவந்த கிருமிகளைத் தீற்றுவார்கள். இரண்டு நாளில் ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும்.

அக்காவின் தட்டுகளில் அந்தப் புள்ளிகள் கொழுகொழுவென்று வரும். மற்ற பிரிவுகளிலிருந்துகூட வந்து, "எங்களுக்கும் ரெண்டு லிட்டர் போட்டுக் குடுங்கக்கா" என்று வழிவார்கள். "கைராசி" என்று டாக்டரே சொல்வார். வெளியூர் விஞ்ஞானி யாராவது வந்தால் அவளை அறை வாசலுக்கு அழைத்து, "இவங்க கைராசிலதான் எங்க லேப் ஓடுது" என்று அறிமுகம் செய்வார். அக்கா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

கைராசி என்னவென்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் உங்களிடம் ஒளித்து வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? சேர்ந்த முதல் வருஷம், டாக்டர் இளைஞராக இருந்தபோது, "புள்ளி தூசி மாதிரி வருது, எண்ணக்கூட முடியல" என்று எரிந்து விழுந்திருக்கிறார். அக்காவுக்குப் பயம். தற்காலிக வேலை, எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். அடுத்த முறை மூன்று கிராம் ஈஸ்ட் பொடியை ஒழுங்காக எடைபோட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு சின்னக் கரண்டி அள்ளிப் போட்டாள். வீட்டில் உப்புக் குறைந்தால் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். புள்ளிகள் பெருத்தன. டாக்டர் தேடிவந்து பாராட்டினார். அடுத்த வருஷம் இன்னொரு அரைக் கரண்டி. அதற்கு மேல் போட்டால் நிறம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். சுவரில் மூன்று கிராம். தட்டில் மூன்று கிராமும் ஒன்றரைக் கரண்டியும். யாருக்கும் சொல்லவில்லை. பாராட்டு வாங்கின பிறகு எப்படிச் சொல்வது?

இப்படிப் பத்தொன்பது வருஷம் போனது. அப்புறம்தான் நாற்பத்தேழாம் நம்பர் வந்தது.

அது ஒரு கடல் பாக்டீரியா. மிதவை ஒன்றில் கட்டியிருந்த கயிற்றின் வழவழப்பைச் சுரண்டி, அதிலிருந்து பிரித்து எடுத்தது. எடுத்தவள் ஒரு ஆய்வு மாணவி. ஒல்லியான பெண், எப்போதும் பசித்த முகம், எப்போதும் கையில் பேனா. அக்கா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். கயிற்றின் மேல் ஒரு விரற்கடை இடத்துக்கு ஆயிரம் கிருமிகள் முட்டி மோதுமாம். அதில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனை வளரவிடக் கூடாது. அப்படி ஏதாவது ஆயுதம் வைத்திருக்கிற கிருமியைத்தான் அவள் தேடினாள். ஆஸ்பத்திரிப் புண்களில் சீழ் வைக்கிற கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் தன் கடல் கிருமிகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். நாற்பத்தாறு புள்ளிகளைச் சுற்றி ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சளாக வளர்ந்த நாற்பத்தேழாவதைச் சுற்றி மட்டும் சீழ்க் கிருமி எட்டிப் பார்க்காத தெளிவான வளையம்.

அன்றைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்து அக்காவிடம்தான் முதலில் காட்டினாள். எட்டு மாசம் அந்த வளையத்தை வைத்தே அவள் வேலை ஓடியது. வளையத்தை உண்டாக்குவது ஒரு புரதம், அநேகமாக ஒரு நொதி என்பதுவரை கண்டுபிடித்துவிட்டாள். நொதி என்றால் உடம்புக்குள் ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற வேலைக்காரன். எதை எதாக மாற்றுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகை முடிய ஐந்து மாசம் இருந்தது.

அப்போதுதான் அக்காவின் மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். பேத்தி பிறந்தாள். அந்த மூன்று வாரமும் பாப்பா தானே மீடியா போட்டாள். கழுவ ஆள் இல்லாததால், ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் தட்டுகளை வாங்கி வைத்தார்கள். சுவரில் இருந்த அளவைப் பார்த்து, தராசில் ஒரு பொடி தூசு கூடாமல் குறையாமல் எடைபோட்டாள்.

வளையம் வரவில்லை.

மறுபடி போட்டாள். வரவில்லை. நாற்பத்தேழாம் நம்பர் நன்றாகத்தான் வளர்ந்தது, மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் சீழ்க் கிருமி அதன் காலடி வரை வந்து பாய் போட்டுப் படுத்திருந்தது. ஆறாவது முறை நான் மாடியில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா திரும்பி வந்த அன்றே, சமாதானம் சொல்லிவிட்டு, கண்ணாடித் தட்டுகளில் இரண்டு லிட்டர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு நாளில் வளையம் கம்பீரமாக வந்தது. பாப்பா படிகளில் தடதடவென்று இறங்கிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இனிமே லீவே போடக் கூடாதுக்கா!" என்றாள்.

டாக்டர் சந்தோஷப்படவில்லை. மறுநாள் காலையில் ஒரு கையில் கண்ணாடித் தட்டும் மறு கையில் பிளாஸ்டிக் தட்டுமாக அக்காவின் அறைக்கு வந்தார். பின்னால் பாப்பா. நான் ஏணி மேல் டியூப் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இதுல வளையம் இல்ல, இதுல இருக்கு" என்றார். "ஒரே கிருமி, ஒரே மீடியா. தட்டு மட்டும்தான் வேற. பிளாஸ்டிக்க யாரும் கழுவுறதில்ல. கண்ணாடிய நீங்க கழுவுறீங்க."

"ஆமா சார்."

"சோப்பு சரியாப் போகலைன்னு நினைக்கிறேன்மா."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது.

"சோப்பா? என் தட்டுலயா?"

"கண்ணுக்குத் தெரியாத அளவு நின்னாலே போதும்."

"சோப்புன்னா தட்டு பூரா இல்ல சார் சாகணும்? அது ஏன் அந்த மஞ்சளைச் சுத்தி மட்டும் சாகுது?"

நல்ல கேள்வி. டாக்டரே தட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "லேசா நிக்கிற சோப்பு கிருமிய நோஞ்சானாக்கும். அப்புறம் அந்த மஞ்சள் விடுற சாதாரண அமிலமே போதும் அத முடிக்கிறதுக்கு. எட்டு மாசமா நாம பாத்துட்டு இருந்தது நொதி இல்ல, சோப்பு." பிறகு பாப்பாவைப் பார்த்து, "வேற தலைப்பு யோசிக்கலாம்" என்றார். அக்காவிடம், "அடுத்த மாசத்துலேருந்து எல்லாமே பிளாஸ்டிக்தான். கண்ணாடிய நிறுத்திடலாம். உங்கள வேற எங்கயாவது போட்டுக்கலாம், கவலைப்படாதீங்க" என்றார். அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. அப்படித் தணிந்து சொன்னதுதான் கேட்கவே தாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா ஏழு தண்ணீரை எண்ண ஆரம்பித்தாள். நாலில் நின்றுபோனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான் டியூப் லைட்டை மாட்டிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினேன்.

அடுத்த மூன்று நாள் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எங்கே மாட்டிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. சோப்பு இல்லை என்பது அவளுக்கு நூற்றுக்கு நூறு தெரியும். அப்படியென்றால் வேறு எது என்பதும் தெரியும். பாப்பா மூன்று கிராம் போட்டாள். அக்கா மூன்று கிராமும் ஒன்றரைக் கரண்டியும் போட்டாள். டாக்டர் "ஒரே மீடியா" என்று சொன்னாரே, அது ஒரே மீடியா இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் சோப்பு வைத்தவள் என்ற பெயரோடு வேறு எங்காவது தரை துடைக்கப் போகலாம். பாப்பாவின் எட்டு மாசம் குப்பைக்குப் போகும். வாயைத் திறந்தால், பத்தொன்பது வருஷமாக எல்லோரையும் ஏமாற்றினவள் என்ற பெயரோடு போகலாம். இரண்டில் எதுவும் இனிக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அவர் கீழே வைக்கவில்லை.

"சோப்பு இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"எதுன்னும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சொல்லு" என்று மறுபடி கழுவத் தொடங்கிவிட்டாராம். "முப்பது வருஷத்துல அந்த மனுஷன் எனக்குச் சொன்ன ஒரே யோசன, அதுவும் ரெண்டு வார்த்தை" என்று அக்கா என்னிடம் சொன்னபோது கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் அக்கா நேராகப் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் நம்புவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பொடி கூடப் போட்டேன் என்றால், "சோப்பை மறைக்கக் கதை கட்டுறாங்க" என்று யாராவது சொல்லிவிடலாம். பத்தொன்பது வருஷம் அந்தக் கூட்டத்தோடு இருந்ததில் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள்: இந்த ஆட்களிடம் வாயால் சொன்னால் எடுபடாது, தட்டில் காட்ட வேண்டும்.

நாலாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, மாடியிலிருந்து பிளாஸ்டிக் தட்டு ஒரு பெட்டி கொண்டுவரச் சொன்னாள். எதற்கென்று கேட்டேன். "ம்... அடுக்கி வச்சு அழகு பாக்க" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாப்பாவைக் கூப்பிட்டு, "நீ உன் கையால சுவத்துல இருக்கற மாதிரியே ஒரு லிட்டர் போடும்மா, நான் ஒரு லிட்டர் போடுறேன்" என்றாள். இரண்டும் வெந்து வந்தன. பாப்பாவின் கலவையை அக்கா கழுவிய கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினார்கள். அக்காவின் கலவையை யாரும் தொட்டுக் கழுவாத பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றினார்கள். சோப்புதான் காரணம் என்றால் கண்ணாடியில் வளையம் வர வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் வர வேண்டும். எட்டாவது படித்தவள் யோசித்த சோதனை இது. பாப்பா தட்டுகளுக்கு நம்பர் போட்டபடி, "அக்கா, இது எனக்கு ஏன் தோணல?" என்றாள். அக்கா அடுத்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். இந்தச் சோதனையில் ஜெயித்தால் தான் தோற்றுப்போகிறோம் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து டாக்டர், பாப்பா, அக்கா மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடித் தட்டுகளில் ஒரு வளையமும் இல்லை. பிளாஸ்டிக் தட்டுகள் அத்தனையிலும் வளையம்.

"சோப்பு இல்ல" என்றாள் பாப்பா.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப மீடியா" என்றார். "ரெண்டு பேரும் ஒரே அளவுதானே போட்டீங்க?"

அக்கா அலமாரியைத் திறந்து ஈஸ்ட் பொடி டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே கிடந்த சின்னக் கரண்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மூணு கிராம் போட்டுது சார். நான் மூணு கிராமுக்கு மேல இதால ஒன்றரை போட்டேன். எப்பவும் அப்படித்தான் போடுவேன்."

"எப்பவும்னா?"

"வந்த மொத வருஷத்துலேருந்து."

டாக்டர் அக்காவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"முப்பத்தொரு கட்டுரை" என்றார் மெதுவாக. "எல்லாத்துலயும் மூணு கிராம்னு எழுதியிருக்கேன்."

"தப்புதான் சார்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கைராசின்னு சொல்லிட்டீங்க சார். அப்புறம் எப்படிச் சொல்ல?"

அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பாப்பாவுக்கு நூல் நுனி கிடைத்துவிட்டது. ஈஸ்ட் பொடியில் இருக்கிற ஏதோ ஒன்று நொதிக்குத் தீனி. அந்தத் தீனி குறைந்தால் வேலைக்காரன் சும்மா உட்கார்ந்துவிடுகிறான். பொடியில் இருக்கக்கூடிய இருபது அமினோ அமிலங்களை இருபது குப்பிகளில் வாங்கி, சுவரில் இருந்த பழைய அளவு மீடியாவில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். பத்தொன்பதில் ஒன்றும் இல்லை. லைசின் சேர்த்த தட்டில் மட்டும் வளையம். நாற்பத்தேழாம் நம்பரின் நொதி அந்த லைசினைப் பிடித்து உடைக்கிறது. உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவருகிறது. சீழ்க் கிருமியைத் தடுப்பது அதுதான். பெராக்சைடைச் சிதைக்கிற இன்னொரு நொதியைத் தட்டில் கலந்ததும் வளையம் மறைந்துபோனது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

"பெராக்சைடுன்னா புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதுவா?" என்று நான் கேட்டேன்.

"அதேதான்."

"அது மருந்துக் கடையிலயே கிடைக்குதே. இதுக்கா எட்டு மாசம்?"

பாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் வாங்கி ஊற்றுவது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், இது இருக்கிற இடத்திலேயே சொட்டுச் சொட்டாக ஊறிக்கொண்டிருக்கும். கப்பலின் அடிப்பக்கத்திலோ ஆஸ்பத்திரிக் குழாய்களிலோ பூசிவைக்க முடிந்தால் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தாள். எனக்குப் பாதி புரிந்தது. அக்கா முழுவதும் கேட்டாள்.

கட்டுரையில் சரியான அளவை எழுத வேண்டும். அதற்காக ஒருநாள் மாடியிலிருந்த நுணுக்கத் தராசைக் கீழே கொண்டுவந்தார்கள். டாக்டரும் வந்தார். பாப்பா ஒரு காகிதத்தைத் தராசில் வைத்து, "எப்பவும் போடற மாதிரி போடுங்கக்கா" என்றாள். அக்கா ஒன்றரைக் கரண்டி போட்டாள். நாலு புள்ளி இரண்டு கிராம். காகிதத்தை மாற்றினார்கள். நாலு புள்ளி இரண்டு. பத்து தடவை போடச் சொன்னார்கள். ஒரு தடவை நாலு புள்ளி ஒன்று, ஒரு தடவை நாலு புள்ளி மூன்று, மற்ற எட்டும் நாலு புள்ளி இரண்டு. பாப்பா எழுதிக்கொண்டே வந்தாள். டாக்டர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மட்டும் ஒருநாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் போட்டிருந்தால் அவருடைய முப்பத்தொரு கட்டுரையும் சுத்தமாகப் போயிருக்கும். இப்போது ஒரு திருத்தக் கடிதத்தோடு தப்பித்தன. மூன்றை ஏழு புள்ளி இரண்டு என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும், அவ்வளவுதான்.

அவர் நல்ல மனிதர்தான். அதனால்தான் சொல்லுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே மீடியா மாடிலயே போட்டுக்கட்டும்மா. எடைபோட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டு. யார் போட்டாலும் ஒரே மாதிரி வரணும்ல?"

"சரி சார்."

"கைராசின்னு சொன்னது நான்தான். அது என் தப்பு."

"கழுவுறது?" என்றாள் அக்கா.

"கழுவுறது நீங்கதான். கண்ணாடிய நிறுத்தல."

அலமாரியிலிருந்து பொடி டப்பாக்கள் மாடிக்குப் போயின. சுவரில் தொங்கிய அளவுச் சீட்டும் போனது. பாப்பாவுக்குப் பட்டம் கிடைத்தது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அக்காவின் நிஜப் பெயரைப் போட்டிருந்தாள். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டுச் சிரித்தாள். வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. மீடியா கலக்குகிற நேரத்துக்குக் கை தானாக அலமாரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். அதை நானே பார்த்தேன்.

ஒருநாள் காலை அவள் அறை விளக்கு மறுபடி மக்கர் பண்ணியது. ஏணி போட்டு ஏறினேன். அவள் கழுவிக்கொண்டிருந்தாள். ஏழு முடிந்து, தட்டைச் சாய்த்துப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கரண்டி என் தப்பு. ஒத்துக்கிட்டேன், அதுக்கு மீடியா போடுற வேலையும் போச்சு, சரி. ஆனா சோப்புன்னு சொன்னாரு பாரு தம்பி. சோப்பு இல்லன்னு ஆனதுக்கப்புறம் ஒருத்தராவது வந்து, உன் தட்ட சந்தேகப்பட்டது தப்புன்னு சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், கரண்டி வெளியே வந்த சந்தடியில் சோப்பை எல்லோரும் மறந்தே போனோம்.

"அன்னிக்கு நீ இங்கதானே நின்ன, இதே ஏணி மேல. நீயும் சோப்புன்னுதான் நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே உண்மையைத் தட்டில் வைத்துக் காட்டினவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ஆமாக்கா" என்றேன். "நெனச்சேன்."

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"தினம் பதினோரு மணிக்கு இங்க வந்து டீ குடிக்கிறியே, எதுல குடிக்கிற?"

"பீக்கர்லக்கா. நீங்க தனியா எடுத்து வச்சிருக்கீங்களே, அதுல."

"யாரு கழுவுறா?"

"நீங்கதான்."

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு இருக்கும்."

"ஒருநாளாவது டீல சோப்பு வாட அடிச்சுதா?"

"இல்லக்கா."

"அப்புறம்?"

டாக்டர் சொன்னார், நான் நம்பிவிட்டேன். அதைத் தவிர என்னிடம் வேறு காரணம் எதுவும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.